பொருளிலிப் பாடலும் எல்லைப்புறத் தமிழும்: எட்வர்டு லியரை முன்வைத்து ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

ஆங்கில இலக்கியத்தில் நான்சென்ஸ் என்னும் பெயரால் வழங்கும் பாடல் வகைக்குத் தமிழில் நிலைபெற்ற கலைச்சொல் அமையவில்லை. அபத்தப் பாடல் என்று பெயரிடுவோர் உளர். ஆனால் அபத்தம் என்ற சொல் இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நாடகக் கோட்பாட்டோடு பிணைந்துவிட்டது. உளறல், பிதற்றல் என்பன நோயாளியையோ குடியரையோ நினைவூட்டுகின்றன. இக்கட்டுரையில் பொருளிலிப் பாடல் என்ற தொடர் ஆளப்படுகிறது. இதுவும் முற்றப் பொருந்துவதன்று. சொல் எல்லாம் பொருள் குறித்து நிற்பன என்று பெயரியலின் தொடக்கத்திலேயே தொல்காப்பியர் வரையறுத்துவிடுகிறார். எனினும் அவரே இடையியலில் அசைநிலை, இசைநிறை என்று தமக்கெனப் பொருளில்லாத சொற்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். பொருள் விலகினாலும் சொல் தன் இடத்தை விட்டு விலகுவதில்லை என்ற நுட்பம் அங்கே உள்ளது. அந்நுட்பத்தையே முழுப் பாடலுக்கும் விரித்தவர் எனத்தக்கவர் எட்வர்டு லியர் (1812–1888). லியரைத் தமிழாக்குவது எவ்வாறு என்ற வினாவுக்கு விடை தேட உகந்த இடம் சென்னையோ மதுரையோ அன்று. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறமே என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஓவியரும் பாடலாசிரியரும்

லியர் 1812ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இலண்டனின் வடபகுதியான ஹாலோவேயில் பிறந்தார். மிகப் பெரிய குடும்பம். தந்தையின் பொருள்நிலை சரிந்தபோது சிறுவனை வளர்க்கும் பொறுப்பு மூத்த தமக்கை ஆனிடம் வந்து சேர்ந்தது. ஐந்தாறு வயது முதலே வலிப்பு நோய் அவரைப் பற்றியது. அந்நோயை அவர் வாழ்நாள் முழுதும் பிறரிடமிருந்து மறைத்தார். நாட்குறிப்பில் மட்டும் ஒரு குறியிட்டு வந்தார். ஈளையும் மனச்சோர்வும் உடனிருந்தன. பிறரைச் சிரிக்க வைத்தவர் தனிமையில் வாடினார் என்று இத்தகையோர் வரலாற்றை முடித்துவிடுவது எளிது. மொழி ஆய்வாளர்க்கு அதைவிடப் பயன்படும் செய்தி ஒன்றுண்டு: அவர் முதலில் அறிவியல் ஓவியர்.

பத்தொன்பது வயதிற்குள் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் உயிருள்ள கிளிகளை அளந்து வரையத் தொடங்கினார். 42 கல்லச்சுப் படங்கள் கொண்ட அவரது கிளி நூல் 1830 முதல் 1832 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. தென்னமெரிக்க நீலக் கிளி ஒன்றுக்கு 1856இல் அவர் பெயரையே இலத்தீனில் சூட்டினர். டார்பி பிரபுவின் நௌஸ்லி மாளிகையில் இருந்த விலங்குகளை வரையச் சென்ற இடத்தில், அம்மாளிகைக் குழந்தைகளுக்காகவே அவர் ஐந்தடிப் பாடல்களையும் கோட்டுச் சித்திரங்களையும் உருவாக்கினார். அவை 1846இல் புனைபெயரில் நூலாயின. 1861இல் விரிந்த பதிப்பு அவர் பெயருடன் வந்தது. அதே 1846இல் விக்டோரியா அரசியாருக்கு ஓவியம் கற்பித்தவரும் அவரே. ஆந்தையும் பூனையும் கடற்பயணம் செல்லும் பாடல் 1867இல் நண்பர் ஒருவரின் மகளுக்காக எழுதப்பட்டு 1871ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றது. பின்னர் 1872இலும் 1877இலும் நூல்கள் வந்தன. இறுதி ஆண்டுகளை இத்தாலியின் சான்ரேமோவில் கழித்து, 1888 ஜனவரி 29இல் அங்கேயே மறைந்தார்.

1872ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில் அவரே கூறும் நிகழ்ச்சி ஒன்று சுவையானது. புகைவண்டியில் உடன் வந்த ஒருவர், லியர் என்றொருவர் இல்லவே இல்லை, நூலை எழுதியவர் டார்பி பிரபுதான் என்று அடித்துப் பேசினாராம். பிரபு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றினால் லியர் என்ற பெயர் வரும் என்பதே அவர் காட்டிய சான்று. லியர் தம் தொப்பியின் உட்புறத்தில் எழுதியிருந்த பெயரைக் காட்டித் தாம் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. அக்காட்சியை அவர் படமாகவும் வரைந்தார். எழுத்து இடம் மாறினால் ஆளே இல்லாமற் போகலாம் என்பதை வேறு எந்தப் பாடலாசிரியரும் இவ்வளவு நேரடியாகத் துய்த்திருக்க மாட்டார்.

கிளியின் இறகை அளந்த கைதான் மூக்கு நீண்ட கிழவரையும் வரைந்தது. ஆதலின் லியரின் சித்திரம் பாடலுக்கு அணியன்று, பாடலின் பாதி. மொழிபெயர்ப்பாளர் இதை மறந்தால் இடர்ப்படுவார். சொல்லை மாற்றலாம், படத்தை மாற்ற முடியாது. படத்தில் ஆந்தை இருக்கும்போது பாடலில் கிளியைக் கொண்டுவந்து நிறுத்த இயலாதன்றோ?

ஐந்தடிப் பாடலும் எதுகையும்

லிமெரிக் என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற ஐந்தடிப் பாடலின் அமைப்பு பலரும் அறிந்ததே. முதலடியின் இறுதியில் ஓர் ஊர்ப்பெயர் நிற்கும். அதனோடு இயைபுற்று இரண்டாம் அடியும் ஐந்தாம் அடியும் முடியும். லியரிடம் ஐந்தாம் அடி பெரும்பாலும் அதே ஊர்ப்பெயருக்கே திரும்பி வரும். இதைத் தமிழாக்க முயல்வோர் அடியிறுதி இயைபைக் காப்பாற்றுவதிலேயே முனைந்து, ஊர்ப்பெயரை அடியிறுதிக்கு இழுத்துத் தொடரைச் சிதைக்கின்றனர். சிக்கல் யாப்பில் இல்லை, தொடரியலில் உள்ளது. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் வரும் இட அடை, தமிழில் பெயருக்கு முன் வரும். ஓர் ஊரில் ஒரு கிழவர் என்பதே தமிழின் இயல்பான தொடக்கம். எனவே ஊர்ப்பெயர் தமிழில் தானாகவே அடியின் முதலில் வந்து நிற்கிறது. தமிழ் யாப்பு ஒலி ஒப்புமையைச் சிறப்பாக எதிர்பார்ப்பதும் அவ்விடத்தில்தான். எதுகை அடிமுதற் சீரில் விளைவது. ஆங்கிலத்தின் வாலில் இருப்பது தமிழின் தலையில், கண்ணாடியில் தெரிவது போல இடம் மாறி அமைகிறது. இவ்வசதியைப் பயன்படுத்தாமல் இயைபின் பின்னே ஓடுவது வீண் உழைப்பு எனலாம். விளக்கத்திற்காக யான் இயற்றிய ஒன்றை இங்குத் தருகிறேன்:

மறையூரில் ஒருகிழவர் மழைக்குப் பயந்தார்;
குறையாத குடையேழு கூட்டிப் பிடித்தார்;
நிறைவாக மழையுள்ளே நின்று பெய்ய,
உறைபோட்டார் குடைகளுக்கு, உறங்கிப் போனார்.

ஐந்தடி நான்காயிற்று; லியரின் பதிப்புகளும் அடிகளை எப்போதும் ஐந்தாக அச்சிட்டதில்லை. மறையூர் இடுக்கி மாவட்டத்தின் கிழக்குச் சரிவில், சந்தன மரங்களுக்கும் கற்பதுக்கைகளுக்கும் பெயர் பெற்ற ஊர். மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்திருப்பதால் கேரளத்தின் பிற இடங்களைப் போல அங்கே மழை கொட்டுவதில்லை. இதை அறிந்தவர்க்கு அக்கிழவரின் அச்சம் மேலும் ஒரு படி பொருளற்றதாகும்; அறியாதவர்க்கும் பாடல் நிற்கும். லியர் ஊர்ப்பெயர்களை ஒலிக்காகவே தேர்ந்தார் என்பது பொதுவான கூற்று. தமிழில் ஒலியை நாடித் தேர்ந்த ஊர், கேளாமலே தன் நிலவியலையும் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.

லியரின் ஐந்தடிப் பாடல்களில் அடிக்கடி தோன்றும் படர்க்கைப் பன்மைப் பெயர் ஒன்றுண்டு. விசித்திரக் கிழவரை வினவுவோரும், கண்டிப்போரும், சில வேளை அடித்து நொறுக்குவோரும் அப்பெயராலேயே சுட்டப்படுவர். அவர் யார் என்று பாடல் கூறுவதில்லை. இதனை 'அவர்கள்' என்று பெயர்த்தால் தமிழ் வாசகர் முன்னே சுட்டப்பட்டவர் யாரென்று தேடுவார். தமிழில் இதற்கென்றே பிறந்தாற்போன்ற சொல் 'ஊரார்' என்பது. யாரும் அல்லர், எல்லாரும் ஆவர். தனிமனிதரின் நடையையும் உடையையும் மூக்கையும் பற்றி எப்போதும் கருத்துடையவர். முதலடியில் ஊர்ப்பெயரும் பின் அடியில் ஊராரும் வருவது ஆங்கிலத்தில் கிட்டாத பொருத்தம். மொழிபெயர்ப்பில் இழப்பைப் பற்றியே பேசிப் பழகிய நமக்கு இத்தகைய ஈட்டம் அரிது.

ஆந்தையின் திணை

ஆந்தையும் பூனையும் மணம் புரியும் பாடல் தமிழில் வேறுவகை இடரைத் தருகிறது. நம் வழக்கில் ஆந்தையின் அலறல் தீநிமித்தம். பூனை குறுக்கே போவதும் அவ்வாறே. இரண்டு தீநிமித்தங்கள் சேர்ந்து மணமக்களாவதை ஆங்கிலச் சிறுவர் எண்ணியிரார். தமிழ்ச் சிறுவர் எண்ணாமல் இரார். இது குறையன்று, பாடலுக்குக் கூடுதல் குறும்பு சேர்ப்பது என்றே கருதுகிறேன். (பிசிராந்தையார் என்ற புலவர் பெயரிலும் ஆந்தை உண்டே என்பர் சிலர். அது ஆதன், தந்தை என்பன புணர்ந்த முடிபு. பறவைக்கு அதில் பங்கில்லை.)

உண்மையான இடர் திணையில் உள்ளது. அவ்விரண்டும் கடலுக்குச் 'சென்றன' என்பதா, 'சென்றனர்' என்பதா? 'சென்றனர்' என்று எழுதிய உடனே பாடல் பஞ்சதந்திரக் கதையின் வரிசையில் சேர்ந்துவிடும். அங்கே விலங்குகள் மனிதர்க்கு நீதி சொல்ல வந்தவை. உயர்திணை முடிபு அவற்றுக்குப் பழகிய ஆடை. நன்னூலாரும் பேசாதன பேசுவன போலக் கூறப்படும் மரபுக்கு இடம் தருகிறார். ஆனால் லியரின் ஆந்தை எவர்க்கும் நீதி சொல்ல வரவில்லை. அது கித்தாரை மீட்டிப் பாடுகிறது. பூனை திருமணப் பேச்சை எடுக்கிறது. பன்றி தன் மூக்கு வளையத்தை விற்கிறது. வான்கோழி மணம் செய்து வைக்கிறது. இவ்வளவும் அஃறிணை முடிபிலேயே நடைபெறும்போதுதான் நகை பிறக்கும். வினைமுற்றில் அஃறிணையும், உரையாடலில் மனித விளிப்பும் அமைவதே தக்கது. பூனை ஆந்தையை 'நீர்' என்று அழைத்து, எடுத்துரைப்பவர் 'அது சொன்னது' என்று முடிக்கட்டும். இருவரில் ஆண் யார், பெண் யார் என்பதை அஃறிணை முடிபு கூறாமலே விடுவதும் மூலத்திற்கு நெருக்கமானது.

நொறுஞ்சிலிக் கரண்டி

அப்பாடலின் திருமண விருந்தில் ரன்சிபிள் கரண்டி ஒன்று வருகிறது. அடைமொழியாக நிற்கும் அச்சொல் லியர் புனைந்தது. இருபதாம் நூற்றாண்டு அகராதிகள் சில அதற்கு முட்கரண்டியும் கரண்டியும் கலந்த ஒரு கருவி என்று பொருள் எழுதின. லியரோ அச்சொல்லைத் தொப்பிக்கும் பூனைக்கும் அடையாக்கினார். தவளை பிடிக்கும் வாத்து ஒன்றின் கையில் அவர் வரைந்த அதே பெயருள்ள கரண்டி, முள் ஏதுமில்லாத பெரிய அகப்பை.

இச்சொல்லை ஒலிபெயர்த்து இடுவது தகுமா? ரகரம் தமிழில் மொழிமுதலாகாது. ஆகவே ஒலிபெயர்ப்பு வாசகருக்கு அறியாத பிறமொழிச் சொல்லாகத் தெரியுமே அன்றிப் பொருளிலிச் சொல்லாகத் தெரியாது. வேறுபாடு பெரிது. ஆங்கிலேயர் அச்சொல்லைக் கேட்கும்போது அது தம்மொழியில் இருந்திருக்கக்கூடியது, எப்படியோ தமக்குத் தெரியாமல் போயிற்று என்றே உணர்கின்றனர். அதன் ஈறு அவர்களுக்குப் பழகிய பெயரடை ஈறு. தமிழிலும் புனைசொல் மொழிமுதல் விதிக்கும் புணர்ச்சி விதிக்கும் உட்பட்டே பிறத்தல் வேண்டும். 'நொறுஞ்சிலிக் கரண்டி' என்று யான் எழுதுவேன். நொறுங்கலும் சில்லும் தொலைவில் ஒலிக்கின்றன. வல்லினம் முறைப்படி மிகுகிறது. பொருள் மட்டும் வரவில்லை.

வங்காளத்தின் சுகுமார் ராய் (1887–1923) இவ்வகையில் நமக்கு அண்மையான முன்னோடி. அவரும் தம் பாடல்களுக்குத் தாமே படம் வரைந்தவர். அச்சுத் தொழில்நுட்பத்தை இங்கிலாந்தில் பயின்றவர். அவருடைய ஆபோல் தாபோல் 1923இல், அவர் மறைந்த சில நாள்களில் வெளிவந்தது. வாத்தைக் குறிக்கும் ஹாஸ் என்ற சொல்லின் ஈறும், முள்ளம்பன்றியைக் குறிக்கும் சஜாரு என்ற சொல்லின் முதலும் ஒன்றாகி ஹாஸ்ஜாரு என்னும் உயிரினம் அவர் பாடலில் பிறக்கிறது. படத்திலும் அது உண்டு. இது மொழிபெயர்க்கத் தக்கதன்று, மீண்டும் செய்யத் தக்கது. மரங்கொத்தியும் திமிங்கலமும் தமிழில் ஓரெழுத்தைப் பங்கிட்டுக்கொண்டு 'மரங்கொத்திமிங்கலம்' ஆகலாம். படம் வரைபவர் பாடுதான் கடினம்.

பொருளற்ற சொல்லுக்கு உடம்பு கொடுக்கும் இவ்வழக்கம் திராவிட மொழிகளுக்குப் புதிதன்று. புலி கிலி, மாடு கீடு என எதிரொலிச் சொல் அமைக்கும் முறை யாவரும் அறிந்தது. எமனோ 1938இல் எழுதிய கட்டுரை ஒன்றில், எதிரொலிச் சொல்லை மெய்யான விலங்கின் பெயராகக் கொள்ளும் திராவிட நாட்டுப்புறக் கதைக்கூறு ஆராயப்பட்டுள்ளது. புலிக்கு அஞ்சாதவரும் 'கிலி' எதுவோ என்று அஞ்சலாம், புலியே அஞ்சலாம். லியர் இக்கதைகளைக் கேட்டிருந்தால் அவ்விலங்கை வரையாமல் விட்டிருக்க மாட்டார்.

இந்தியப் பயணமும் இடைக்கச்சுப் பாடலும்

அரசப் பிரதிநிதியாயிருந்த நார்த்புரூக் பிரபுவின் அழைப்பின் பேரில் லியர் 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கினார். கல்கத்தா, டார்ஜிலிங், தில்லி, சிம்லா எனச் சுற்றி, 1874ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தெற்கே வந்தார். காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய இடங்களை வரைந்தார். குன்னூரிலிருந்து மலபார்க் கரைக்குச் சென்று கோழிக்கோட்டுப் பகுதியின் தென்னஞ்சாலைகளையும் வரைந்தார். அந்நாளில் கொங்கு நாட்டிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு இருப்புப்பாதை போத்தனூர், பாலக்காடு வழியாகச் சென்றது. 1862 முதல் அது பேப்பூர் வரை ஓடியது. பின்னர் இலங்கையைக் கண்டு, 1875 ஜனவரியில் பம்பாயிலிருந்து கப்பலேறினார். அவருடைய இந்திய நாட்குறிப்பு இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக ஹாட்டன் நூலகத்தில் உள்ளது. அதிலிருந்து தேர்ந்த பகுதிகளை ரே மர்ஃபி 1953இல் பதிப்பித்தார்.

இப்பயணத்தின்போது 1874 ஜூலையில் பம்பாயின் டைம்ஸ் ஆஃப் இந்தியா இதழில் வெளிவந்த இடைக்கச்சுப் பாடல் மொழியியலார் கருத்தை ஈர்க்கத்தக்கது. அதில் லியர் பெயர்ச்சொல் எதையும் புனையவில்லை. ஆங்கிலோ இந்தியர் இல்லங்களில் நாள்தோறும் வழங்கிய இந்துஸ்தானிச் சொற்களை எடுத்து, அவற்றின் பொருளை அறியாதவர் போல ஆங்கிலத் தொடரின் இடங்களில் பொருத்திவிட்டார். சலவைத் தொழிலாளியின் பெயர் அமரும் இருக்கையாகிறது. தண்ணீர் சுமப்பவரின் பெயர் கீச்சிடும் பறவையாகிறது. குதிரைக்காரர் வெள்ளியென மின்னிப் பறக்கிறார். மலைப்பல்லக்கு சினம் கொண்ட விலங்காகிறது. இடைக்கச்சு ஆளை விழுங்குகிறது. தொடரமைப்பு எங்கும் பிழைபடவில்லை. பெயர்ச்சொல் நிற்க வேண்டிய இடத்தில் பெயர்ச்சொல்லே நிற்கிறது.

இதில் உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. அச்சொற்களிற் பல ஏவலரின் தொழிற்பெயர்கள். ஏவலரை அறைகலனாகவும் பறவையாகவும் மாற்றிச் சிரிப்பது அவர்களை ஏவியவர்களுக்கே எளிதாக வந்திருக்கும். தமிழ்ப் பெயர்ப்பில் அதே தொழிற்பெயர்களை அவ்வாறே ஆள்வதற்கு யான் உடன்படேன். மேலும், ஆயாவும் பங்காவும் தமிழ் வாசகருக்குத் தெரிந்த சொற்கள். ஆகவே இப்பாடலின் சொற்களைக் கடன் வாங்காமல் அதன் முறையை மட்டும் கடன் வாங்குதல் தகும்: அடுத்த வீட்டு மொழியின் இயல்பான சொல்லை நம் மொழியின் தொடரில் நிறுத்துதல்.

எல்லைப்புறத்தில்

பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் செறிந்து வாழ்கின்றனர். 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் இப்பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள வழி செய்தது. தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. அங்குள்ள குழந்தை வகுப்பில் ஒரு மொழியும் கடைத்தெருவில் மற்றொரு மொழியும் கேட்டு வளர்கிறது.

இப்போது ஒரு தொடரை நோக்குவோம்: 'குட்டி கரைந்தது, பட்டி வெள்ளம் குடித்தது.' சொற்களை மலையாளச் செவியால் கேட்டால் இதில் வியப்பில்லை. மலையாளத்தில் குட்டி என்பது குழந்தை, கரைதல் அழுதல், பட்டி நாய், வெள்ளம் தண்ணீர். குழந்தை அழுதது, நாய் தண்ணீர் குடித்தது, அவ்வளவே. தமிழ்ச் செவிக்கோ விலங்கின் குட்டி ஒன்று உப்பைப் போலக் கரைந்துவிடுகிறது. ஒரு சிற்றூர் பெருவெள்ளத்தைக் குடித்துத் தீர்க்கிறது. இவ்வாறே மதி என்பது அங்கே 'போதும்', இங்கே திங்கள். அரி என்பது அங்கே அரிசி, இங்கே சிங்கம். அவசரம் அங்கே வாய்ப்பு, இங்கே விரைவு. 'மதி மதி' என்று கையமர்த்துபவர் தமிழ்க் குழந்தையின் காதில் நிலவை இருமுறை அழைக்கிறார். ஒரே தொடர் ஒரு மொழியில் செய்தி, மற்றொன்றில் பொருளிலி. இரண்டிலும் எழுவாய் எழுவாயாகவும் பயனிலை பயனிலையாகவுமே நிற்கின்றன. லியர் வலிந்து செய்ததை இவ்வெல்லை நாள்தோறும் செய்துவருகிறது.

மொழிபெயர்ப்பு நூல்கள் இவற்றைப் போலி ஒற்றுமைச் சொற்கள் என்று பட்டியலிட்டு எச்சரிக்கின்றன. வகுப்பறையில் இவை பிழையாகத் திருத்தப்படுகின்றன. தண்ணீர் என்று எழுத வேண்டிய இடத்தில் வெள்ளம் என்று எழுதிய குழந்தையின் ஏட்டில் சிவப்பு மையே விழும். திருத்துவது ஆசிரியர் கடமை, அதில் தவறில்லை. ஆயின் அக்குழந்தை, ஒரு சொல்லுக்குப் பொருள் இயற்கையாக ஒட்டிக்கொண்டிருப்பதன்று, மொழி ஏற்படுத்திய உறவே என்ற அடிப்படை உண்மையைப் பெயர் தெரியாமலே அறிந்திருக்கிறது. பல்கலைக்கழக வகுப்பில் நாம் சசூரின் பெயரைச் சொல்லிக் கற்பிப்பதும் இதைத்தான். அவ்வறிவுக்குப் பாடநூலில் ஒரு பக்கமாவது விளையாட இடம் இருக்க வேண்டும்.

ஆகவே இடைக்கச்சுப் பாடலின் முறையில் தமிழில் ஒன்று இயற்றப்படுமாயின் அதன் பெயர்ச்சொற்கள் மலையாளத்திலிருந்து வருதல் தகும். வினைமுற்றும் வேற்றுமை உருபும் தமிழாகவே இருத்தல் வேண்டும். பட்டிக்குப் படம் வரையும்போது ஓவியர் நாயை வரைவதா, கூரைகளோடு கூடிய சிற்றூரை வரைவதா என்ற வினா எழும். லியராயின் வாய் திறந்து நீர் பருகும் சிற்றூரை, வாலோடு வரைந்திருப்பார் என்று தோன்றுகிறது. சொற்பொருள் விளக்கமோ அடிக்குறிப்போ அப்பக்கத்தில் சேர்க்கலாகாது. சென்னையில் அதைப் படிக்கும் குழந்தை ஊர் ஒன்று வெள்ளத்தைக் குடிப்பதைக் கண்டு நகைக்கும். கொழிஞ்சாம்பாறையில் படிக்கும் குழந்தை அதற்கு நகைத்துவிட்டு, வாலைச் சுட்டிக்காட்டி இரண்டாம் முறையும் நகைக்கும்.